கோஸ்டிக் சோடா பட்டால் முதலில் தண்ணீர், தேசிக்காய் அல்ல

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினிக்குப் பொறுப்பாக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் புகை உறிஞ்சியில் ஏறிக் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காக முதலாளி 25 கிலோ மூட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். உள்ளே வெள்ளைச் செதில்கள். வெளியே கோஸ்டிக் சோடா என்று எழுதியிருக்கிறது. நேற்று உதவியாளராக இருக்கும் ஒரு தம்பியின் முன்கையில் அந்தக் கரைசல் வழிந்துவிட்டது. தேசிக்காய் பிழிந்து தேய்த்துவிட்டு, எரிச்சல் அடங்கப் பற்பசை பூசியிருக்கிறார்கள். "வினாகிரியும் கைவசம் இருக்கிறது. கண்ணில் பட்டால் அதை எந்த அளவில் கலந்து ஊற்ற வேண்டும்? மூட்டையில் முக்கால்வாசி மிஞ்சிக் கிடக்கிறது, அதை என்ன செய்வது?" என்பவை அவருடைய கேள்விகள். வேறு கழுவும் மருந்துகளோடு சேர்ந்தால் என்னாகும் என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

நீங்கள் கேட்பது வினாகிரியின் அளவைப் பற்றி. ஆனால் உண்மையில் தேடுவது, இந்தப் பொருள் உடம்பில் பட்டால் அதன் வேலையை அந்தக் கணமே நிறுத்திவிடக்கூடிய ஒரு மாற்று மருந்து. காரத்துக்கு எதிரி அமிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததால், தேசிக்காயும் வினாகிரியும்தான் அந்த மருந்து என்று மனம் நம்பிவிடுகிறது. அப்படியொரு மருந்து உங்கள் குசினி அலுமாரியில் இல்லை. கண்ணுக்கு வினாகிரி எந்த அளவிலும் வேண்டாம், ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தண்ணீர் ஒன்றுதான் மருந்து. அதுவும் உடனே, நிறைய, நெடுநேரம்.

மற்றதை எல்லாம் சொல்லுமுன் அந்தத் தம்பியின் கை. தயவுசெய்து இன்றைக்கே அவரை வைத்தியரிடம் அனுப்புங்கள். வலி குறைந்துவிட்டது என்று அவர் சொன்னால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரப் புண்ணில் ஆழம் கூடினால் உணர்ச்சி மரத்துப்போகும். வலி குறைவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பட்ட இடம் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ மெதுமெதுவென்றோ இருந்தால், தொட்டால் மரத்திருந்தால், அல்லது புண் மணிக்கட்டு மூட்டைச் சுற்றி இருந்தால் காத்திருக்கவே கூடாது. பற்பசையை ஓடும் நீரில் மென்மையாகக் கழுவி எடுங்கள், தேய்க்காதீர்கள். நான் வைத்தியர் அல்ல. இரசாயனம் படித்து, இந்த மாவட்டத்தில் விடுதிகளிலும் மீன் பதனிடும் இடங்களிலும் பணிப்பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து வருபவன். ஒரு புண்ணை நேரில் பார்க்காமல் அதன் ஆழத்தை என்னாலும் சொல்ல முடியாது, வேறு எவராலும் எழுத்தில் சொல்ல முடியாது.

கோஸ்டிக் சோடா என்பது பாடப்புத்தகத்தில் வரும் சோடியம் ஐதரொட்சைட்டுத்தான். எண்ணெய்யையும் கொழுப்பையும் அது சவர்க்காரமாக மாற்றுகிறது. பிசுக்கு கரைவதற்குக் காரணமும் அதுவே. நம் தோலிலும் கண்ணிலும் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. விரலில் கரைசல் பட்டதும் வழுவழுப்பாகத் தெரிகிறதே, அந்த வழுவழுப்பில் ஒரு பகுதி உங்கள் தோலின் கொழுப்பு சவர்க்காரமாவதால் வருவது. பலர் அதைக் கரைசலின் இயல்பு என்று எண்ணி விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். அமிலம் பட்டால் பெரும்பாலும் சுரீரென்று வலிக்கும், இறந்த திசு இறுகி ஒரு தடுப்புப்போல நிற்கும். காரம் அப்படியில்லை. திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது. தொடக்கத்தில் வலி குறைவாகவும் இருக்கலாம். கண்ணில் இது நிமிடக் கணக்கில் உள்ளறை வரை போய்விடும். அதனால்தான் கண்ணைப் பொறுத்தவரை அமிலத்தைவிடக் காரத்துக்கு அதிகம் அஞ்சுகிறோம்.

தேசிக்காய்க்கும் வினாகிரிக்கும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வெளிவரும். எவ்வளவு காரம் பட்டிருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு அமிலம் ஊற்றுவது? அதைவிடப் பெரிய கேடு நேரம் வீணாவது. தேசிக்காயைத் தேடி, வெட்டி, பிழிந்து தேய்க்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிடும். தேய்ப்பது வேறு தோலை உரித்து உள்ளே வழி திறந்துவிடுகிறது. இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஆய்வுகூடத்தில் எலிகளின் தோலில் காரப் புண்களை ஐதான அசெற்றிக்கமிலத்தால் (வினாகிரியில் இருக்கும் அமிலம்) கழுவிப் பார்த்து, தண்ணீரைவிட நல்ல பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வு உண்டு. ஆகவே தோலைப் பொறுத்தவரை கட்டுப்பாடான சூழலில் என்ன நடக்கும் என்பது முழுதாக முடிந்த விவாதம் அல்ல. ஆனால் அளந்த செறிவோடு ஆய்வுகூடத்தில் செய்தது ஒன்று, உங்கள் குசினியில் பதற்றத்தில் செய்வது இன்னொன்று. கண்ணிலோ அந்த விவாதத்துக்கே இடமில்லை.

இனி, பட்டுவிட்டால் செய்ய வேண்டியது. தோலில் உலர்ந்த செதில் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி விடுங்கள். செதிலின் மேலே கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே சூடேறிக் கரையும். தட்டிவிட்ட உடனே, அல்லது பட்டது கரைசலாக இருந்தால் முதல் நொடியிலேயே, தண்ணீரைப் பாயவிடுங்கள். உடுப்பைக் கழற்றுவதும் நீர் ஊற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மேற்சட்டையைத் தலைவழியே இழுக்காதீர்கள், முகத்தில் பூசிவிடும். கத்தரியால் வெட்டி எடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய நூல் எல்லாம் கழற்றப்பட வேண்டும், அவற்றின் அடியில் கரைசல் தங்கி நிற்கும். தோல் சப்பாத்து நனைந்திருந்தால் அதை மீண்டும் அணியவே வேண்டாம். சப்பாத்தின் தோல் காரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவிப் பயனில்லை. வழுவழுப்புப் போன பிறகும் கழுவுவதை நிறுத்தக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் மூன்று நிமிடம் அரை மணி நேரம்போலத் தோன்றும்.

கண்ணில் பட்டால் இன்னொருவர் உதவி கட்டாயம் வேண்டும். காரம் பட்ட கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். பாதிக்கப்பட்டவர் எவ்வளவு முயன்றாலும் திறக்க முடியாது. அவரைத் தரையில் கிடத்துங்கள் அல்லது தொட்டியின் மேல் சாயவையுங்கள். பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் ஓடக் கூடாது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இமைகளை எலும்போடு சேர்த்து அழுத்தி விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக, நிற்காமல் நீர் ஊற்றுங்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று கண்ணை அசைக்கச் சொல்லுங்கள். இமையின் மடிப்புக்குள் ஒரு சிறு செதில் ஒளிந்திருந்தால் அது தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே இமையின் அடியிலும் நீர் போக வேண்டும். கண்வில்லை அணிந்திருந்தால், எளிதாக வந்தால் எடுத்துவிடுங்கள், வராவிட்டால் அதோடு போராடாமல் கழுவுங்கள். அவர் கத்துவார், தலையைத் திருப்புவார், போதும் என்று கெஞ்சுவார். இரக்கப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

நம் ஊரில் அடிக்கடி தவறிப்போவது இந்த இடத்தில்தான். யாருக்காவது எதுவும் பட்டால் உடனே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைத்தான் அக்கறை என்று நினைக்கிறோம். நிலாவெளியிலிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுக்கக் காரம் கண்ணுக்குள் வேலை செய்துகொண்டே வரும். ஒருவர் கழுவட்டும், இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை கழுவுங்கள். வந்த பிறகும் போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஊற்றுங்கள். வைத்தியசாலையில் கண்ணின் ஈரத்தை, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். 7 அளவுக்கு வந்து, சற்று நேரம் விட்டுப் பார்த்தாலும் அங்கேயே நின்றால்தான் கழுவியது போதும் என்று முடிவு செய்வார்கள். அவர்கள் தடுமாறாமல் இருக்க மூட்டையின் பெயர்ச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தொலைபேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். மூட்டையில் யூஎன் 1823 என்ற ஆபத்துப்பொருள் இலக்கம் இருந்தால் அது திண்ம சோடியம் ஐதரொட்சைட்டு. 1824 என்றால் அதன் கரைசல்.

தண்ணீர் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உங்கள் விடுதியில் அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். நண்பகலில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் குழாய் நீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது, தாங்கி காலியாகலாம். ஆகவே மூட்டையைத் திறக்குமுன், வேலை செய்யும் இடத்திலிருந்து பத்து அடிக்குள், நிழலில், மூடி போட்ட பெரிய பீப்பாய் ஒன்றில் சுத்தமான நீரும் பக்கத்தில் ஒரு குவளையும் இருக்கட்டும். முடிந்தால் குழாயில் ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, நீர் எப்படி வருகிறது என்று திறந்து பாருங்கள். கிணற்று நீர், குடிநீர்ப் போத்தல், எது கையில் இருக்கிறதோ அதுவே சரியான நீர். நல்ல நீரைத் தேடிப் போய் ஒரு நிமிடம் இழப்பதைவிட, கிடைத்த நீரை அந்த நிமிடமே ஊற்றுவது மேல். அந்தத் தண்ணீர் தயாராக இல்லையென்றால் அன்றைக்கு மூட்டையைத் திறக்கவே வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். கீழே போகும்போது எரித்த தொண்டையை மேலே வரும்போதும் அது எரிக்கும். உப்புக் கரைசல், தேசிக்காய்ச்சாறு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்து உடனே அனுப்புங்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா என்பதில் வழிகாட்டிகள் ஒத்துப்போவதில்லை. சில சிறிது கொடுக்கலாம் என்கின்றன, சில எதுவுமே வேண்டாம் என்கின்றன. விழுங்க முடியாமல் எச்சில் வடித்தாலோ மூச்சுக்குத் திணறினாலோ ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் ஐயமில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையம் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. அதன் இலக்கத்தை இப்போதே எடுத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இந்த விபத்து பெரும்பாலும் குடிநீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் கரைசலை ஊற்றி வைப்பதால் வருகிறது. குசினியில் வியர்த்துக் களைத்து வருபவர் கையில் கிடைக்கும் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்துவிடுவார். எந்தக் காரணத்துக்காகவும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, அப்படி ஊற்றி வைக்க விடாதீர்கள்.

வேலைக்கு வருவோம். புகை உறிஞ்சியின் வலைத் தட்டுகள் எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். பல விடுதிகளில் அவை அலுமினியம். கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். கருத்து, நுரைத்து, ஐதரசன் வாயு வெளிவரும். பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. காந்தம் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அது பாதித் தகவலைத்தான் தரும். காந்தம் ஒட்டினால் அலுமினியம் இல்லை. நாகப்பூச்சுத் தகடாக இருக்கலாம், அந்தப் பூச்சையும் காரம் அரிக்கும். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்த உருக்கில் பல வகைகளில் காந்தம் ஒட்டாது. எடை மிக இலேசாக இருந்தால் அலுமினியம் என்றே கருதிக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அலுமினியத் தாச்சியிலோ நாகவாளியிலோ கரைசலைக் கலக்கவும் கூடாது. தடித்த பிளாஸ்டிக் வாளிதான் சரி.

கலக்கும்போது எப்போதும் வாளியில் குளிர்ந்த நீர் முதலில், செதில் பிறகு. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். செதிலின் மேல் நீரை ஊற்றினால் ஒரே இடத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். 1 கிலோ செதிலை 10 லீற்றர் நீரில் கரைத்தால் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை உயரும். நம் ஊர் நீர் 30 பாகையில் இருந்தால் அது 55 பாகையை எட்டும். அதே 10 லீற்றரில் 3 கிலோவைக் கொட்டினால் கொதிநிலையை நெருங்கிவிடும், வாளியும் இளகும். பிசுக்கு நன்றாகக் கரையட்டும் என்று சுடுநீரில் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 10 லீற்றருக்கு 200 கிராம், அதாவது 2 சதவீத அளவில் தொடங்குங்கள். பெரும்பாலான பிசுக்குக்கு இதுவும் ஊறும் நேரமுமே போதும். ஆனால் அது மென்மையான கரைசல் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய வகைப்படுத்தலில் 2 சதவீதத்திலிருந்தே இது தோலை அரிக்கும் பொருளாகக் கணக்கிடப்படுகிறது, 5 சதவீதத்துக்கு மேல் மிகக் கடுமையான வகுப்பில் வருகிறது.

அந்தத் தம்பிக்கு நேற்று எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. முன்கையில் வழிந்தது என்பதைப் பார்த்தால் தலைக்கு மேலே கை தூக்கித் துடைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். கையைத் தூக்கினால் கரைசல் விரலிலிருந்து இறங்கிக் கையுறையின் வாய்க்குள் போகும். பிறகு முழங்கை, அக்குள். கையுறை அணிந்திருப்பதாலேயே அவருக்கு அது தெரியாது, உள்ளே தேங்கி நின்று புண்ணாக்கும். மேலே பார்த்து வேலை செய்யும்போது நீண்ட இறப்பர் அல்லது நைத்திரைல் கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக இரண்டு விரலளவு மடித்துவிடுங்கள். வழிவது அந்த மடிப்பில் நிற்கும். காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது. சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் அதன் மேல் முகமூடித் தகடும் வேண்டும். இன்னும் நல்லது, தலைக்கு மேலே கரைசலைப் பயன்படுத்தாமல் இருப்பது. தட்டுகளைக் கழற்றிக் கீழே இறக்கி ஊறவையுங்கள். கழற்ற முடியாத பகுதியைப் பாத்திரத் திரவத்தால் துடையுங்கள். விசிறு போத்தலில் ஊற்றி அடிக்கவே வேண்டாம். கோஸ்டிக் சோடா தானாக ஆவியாவதில்லை, ஆனால் விசிறும் துளியும் மூட்டையின் தூசும் மூச்சுக்குழாயை எரிக்கும்.

வேறு கழுவும் மருந்துகளோடு சேர்ப்பது பற்றியும் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கோஸ்டிக் சோடாவும் துணி வெளுக்கும் குளோரின் திரவமும் சேர்ந்தால் நச்சுவாயு வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, அந்தத் திரவத்திலேயே சிறிது காரம் இருக்கிறது. குளோரின் வாயு வருவது வெளுக்கும் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலம் சேரும்போது. கோஸ்டிக் சோடாவோடு அந்த அமிலம் சேர்ந்தால் வாயுவைவிடச் சூடும் தெறிப்பும் ஆபத்து. அமோனியம் உப்புள்ள கழுவிகளோடு சேர்ந்தால் அமோனியா வரும். பெயர்ச்சீட்டில்லாத கான் ஒன்றில் என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே எதனோடும் கலக்காதீர்கள் என்பதுதான் பாதுகாப்பான விதி. அடைத்த வடிகாலில் செதிலைக் கொட்டுவதும் வேண்டாம். அது சரியாகக் கரையாமல் குழாய்க்குள் கல்லாக இறுகிவிடும். மறுநாள் விஷயம் தெரியாத ஒருவர் கம்பியால் குத்தும்போது தேங்கிய கரைசல் அவர் முகத்தில் தெறிக்கும்.

தரையில் செதில் சிந்தினால் ஈரத்துணி படவேண்டாம். உலர்ந்த தும்புத்தடியால் கூட்டிப் பிளாஸ்டிக் அள்ளியில் எடுங்கள். கரைசல் சிந்தினால் மணலைக் கொட்டி அள்ளுங்கள். எஞ்சிய வழுவழுப்பை நிறைய நீரால் கழுவலாம். வினாகிரிக்கு இங்கே இடம் உண்டு: அள்ளி எடுத்த பிறகு, நீர் கலந்த வினாகிரியால் தரையைத் துடைக்கலாம். பயன்படுத்திய கரைசலை மணலிலோ கடற்கரை ஓடையிலோ களப்புப் பக்கமோ ஊற்றாதீர்கள். மீனுக்கும் நண்டுக்கும் அது கொடியது. பெரிய தொட்டியில் நன்றாக ஐதாக்கி, உங்கள் கழிவுநீர்த் தொட்டியைப் பராமரிப்பவரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

மிஞ்சிய மூட்டை. நம் கடற்காற்றில் வாய் திறந்து கிடந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, காபனீரொட்சைட்டையும் சேர்த்துக்கொண்டு கட்டியாக இறுகும். கட்டியை உடைக்கும்போது சில்லுகள் கண்ணுக்குத்தான் பறக்கும். ஆகவே இன்றே, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, உலர்ந்த தடித்த பிளாஸ்டிக் பீப்பாயில் மூட்டையோடு இறக்கி மூடியை இறுக்குங்கள். தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் பெயரும் "தொடாதே, அரிக்கும்" என்ற எச்சரிக்கையும் எழுதுங்கள். கண் மட்டத்துக்கு மேலே வைக்காமல் தரையோடு, உணவுப் பொருள்களும் அமிலக் கழுவிகளும் இல்லாத தனி அறையில் பூட்டி வையுங்கள். திறப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். உங்கள் அளவு விடுதிக்கு ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தேவைப்படாது. மீதியை விற்ற கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று முதலாளியைக் கேட்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டாரென்றால், முறையான களஞ்சியமும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள பெரிய விடுதி ஒன்றுக்கு, பெயர்ச்சீட்டோடு, மூடிய பீப்பாயில் கொடுத்துவிடலாம்.